படத்தில் இல்லாத கை

"எகிப்துக்காரனுக்கு வரையத் தெரியாது மேடம்," என்றார் சூசைராஜ்.

சொல்லிவிட்டு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். உட்காரும்போது இடுப்பு ஒரு சத்தம் போட்டது. அவருக்கு ஐம்பத்தாறு வயது. பொதுப்பணித் துறையில் இருபத்தெட்டு வருஷம் கட்டட வரைபடம் போட்டுவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். திருச்சியில் ஓர் ஓவியக் கல்லூரியின் சனி, ஞாயிறு வகுப்பில் சேர்ந்திருந்தார்.

கலை வரலாறு சொல்லிக்கொடுக்கும் தில்ஷாத்துக்கு முப்பத்து மூன்று வயது. அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை சார் என்பாள். யார் குரு, யார் சீடர் என்று வாசலில் நின்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பம்தான்.

"ஏன் தெரியாதுங்கிறீங்க?" என்று அவள் கேட்டாள்.

"மூஞ்சியப் பக்கவாட்டுல போடுறான். கண்ண மட்டும் நம்மள நேரா பாக்குற மாதிரி போடுறான். தோள் ரெண்டும் நேரா இருக்கு, காலு திரும்பி இருக்கு. அந்தக் கால் ரெண்டுலயும் கட்டைவிரல்தான் நம்ம பக்கம் தெரியுது. ரெண்டு கால்லயும் அது எப்படி மேடம் வரும்?"

தில்ஷாத் அவருடைய கட்டுரையைப் புரட்டினாள். எகிப்தியக் கலையையும் கிரேக்கக் கலையையும் ஒப்பிட்டு ஐந்து பக்கம் எழுதச் சொல்லியிருந்தாள். அவர் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். எட்டுப் பக்கத்துக்கும் சாரம் ஒன்றுதான். எகிப்தியன் மனசில் இருந்ததைப் போட்டான், கிரேக்கன் கண்ணில் பட்டதைப் போட்டான், ஆகவே கிரேக்கனே கலைஞன்.

இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் அவள் தப்பு என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இந்தத் தடவை தேதிகூடப் போடவில்லை.

மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு சூசைராஜ் என்ன செய்யப்போகிறார்? அவர் வந்த காரியம் வேறு.

அவர் மனைவி பிலோமினாவுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணிப்போயிற்று. இடது கை மூடிய முஷ்டியாக மடியில் கிடக்கும். பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி இறைத்துத்தான் எடுக்க வேண்டும்.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அவர்தான். இந்த மூன்று வருஷத்தில் அவருக்கு இடுப்பு போயிற்று, தூக்கம் போயிற்று. சிரிப்பு எப்போது போயிற்று என்று அவருக்கே தெரியாது.

ஒரு நாள் பிலோமினா அவரைக் கூப்பிட்டாள். "என்னய... வரைங்க," என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு அரை நிமிஷம் பிடித்தது.

அணைக்கட்டும் ஆஸ்பத்திரியும் வரைந்த கை. கட்டின மனைவியை ஒரு தடவைகூட வரைந்ததில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிவிட்டார். வலது கன்னம் தன்னைப் பார்க்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டார். நான்கு நாள் உட்கார்ந்து வரைந்தார்.

பக்கவாட்டு முகம். விழாத பக்கம். மடியில் ஒரே ஒரு கை, வலது கை. கோணிய வாயும் மூடிய முஷ்டியும் யார் கண்ணிலும் படாது. படத்தில் இருந்தவளுக்கு ஒரு குறையும் இல்லை. வேண்டுதலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தவள் மாதிரி இருந்தாள்.

பிலோமினா அதை நெடுநேரம் பார்த்தாள். வலது கையைத் தூக்கி, படத்தில் தன் தோளுக்கு அப்பால் வெறுமையாக இருந்த தாளை விரலால் தடவினாள். பிறகு படத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

அன்றோடு அவரிடம் பேசுவதை விட்டாள். ஏழு மாசமாகிறது. ஊட்டினால் வாங்கிக்கொள்வாள். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

அவள் மறுபடி தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும். சூசைராஜுக்கு வேண்டியது அவ்வளவுதான். யோசித்து யோசித்து, மூக்குதான் சரியாக வரவில்லை என்று முடிவு கட்டினார். மூக்கு வரையக் கற்றுக்கொள்ளத்தான் கல்லூரிக்கு வந்தார்.

சேர்ந்த அன்றைக்கே அந்தப் படத்தைத் தில்ஷாத்திடம் காட்டி, இதில் என்ன தப்பு என்று கேட்டார். விஷயத்தையும் சுருக்கமாகச் சொன்னார்.

அவள் பார்த்தாள். "இவங்கள ஏன் இந்தப் பக்கமா உக்கார வெச்சீங்க?"

"வெளிச்சத்துக்காக மேடம்."

முகம் முழுக்க நிழல் விழுந்திருந்தது. ஜன்னல் அடுத்த பக்கத்தில் இருந்தது என்று படமே காட்டிக்கொடுத்தது. அவள் படத்தைச் சுருட்டி அவரிடம் கொடுத்தாள். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இப்போது மூன்றாவது கட்டுரையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, தில்ஷாத் மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஓர் அச்சுப்படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

எகிப்தியக் கல்லறைச் சுவரில் இருந்த படம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் முன்னால், அவள் பின்னால். அவளுடைய ஒரு கை அவன் புஜத்தைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கை அவன் முதுகைச் சுற்றிப் போய், அந்தப் பக்கத் தோளில் ஐந்து விரலும் தெரியப் பதிந்திருக்கிறது.

"கட்டுரை போதும் சார். இத அப்படியே பாத்து வரைஞ்சிட்டு வாங்க."

"அப்படியேவா?"

"அப்படியே."

இது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனார். அந்த வாரம் முழுக்க, பிலோமினாவுக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்து, வழக்கம்போல அவள் இடது கைமேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, அப்புறம் வந்து மேசையில் உட்கார்ந்தார். அது பாட்டுக்குக் கிடக்கட்டும், அவள் கண்ணில் பட வேண்டாம் என்றுதான் அந்தத் துண்டு.

தாளில் கட்டம் போட்டார். கட்டம் போட்டு வரைவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கை கேட்கவில்லை. ஒரு மாசமாகக் கல்லூரியில் ஒரு கிரேக்கப் பிளாஸ்டர் சிலையைப் பார்த்து வரைந்து பழகிய கை அது. அந்த நேரான தோள் கண்ணை உறுத்தியது. இப்படி உட்கார்ந்தால் தோள் இப்படியா இருக்கும்? கொஞ்சம் திருப்பினார். திருப்பியதும் ஆளின் அந்தப் பக்கக் கை உடம்புக்குப் பின்னால் போயிற்று. தோளே மறைந்த பிறகு அதன்மேல் பெண்டாட்டி கை எப்படித் தெரியும்? அதையும் விட்டார். கால் விரல்களையும் ஒழுங்குபடுத்தினார்.

முடித்தபோது நன்றாகவே இருந்தது. மூவாயிரம் வருஷத்துக்கு மேலாக யாரும் திருத்தாத பிழையைத் திருத்திக் கொடுத்த திருப்தியோடு சனிக்கிழமை வகுப்புக்குப் போனார்.

தில்ஷாத் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல எத்தன கை சார்?"

"நாலு."

"உங்க படத்துல?"

அவர் எண்ணினார். "ரெண்டு."

"மிச்சம் ரெண்டு எங்க?"

"இருக்கு மேடம். பின்னால மறைஞ்சிருக்கு. நம்ம உக்காந்திருக்குற எடத்துலேருந்து தெரியாது."

"எந்திரிச்சுப் போய்ப் பாக்கலாமே."

சூசைராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் வாரம் முழுக்க இரண்டு கல்லூரிக்கு பஸ் மாறி மாறிப் போகிறவள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பாவம், இந்தப் பெண்ணுக்கு வேலை அதிகம் என்று நினைத்தார்.

"தாளுக்குப் பின்னால போனா மேசைதான் மேடம் இருக்கும்," என்றார்.

அவள் மறுக்கவில்லை. எழுந்து, வாங்க என்று தலையசைத்துவிட்டு நடந்தாள்.

கூடத்தின் மூலையில் அந்தக் கிரேக்க இளைஞன் நின்றான். அசல் இல்லை, ஆளுயரப் பிளாஸ்டர் நகல். மாணவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்துத்தான் வரைந்து பழகுவார்கள். வலது காலில் பாரத்தைப் போட்டு, இடது முழங்காலைத் தளர்த்தி, எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பான். சூசைராஜுக்கு அவனைப் பிடிக்கும். பிலோமினாவைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு நிமிரும்போது தானும் அப்படித்தான் ஒரு காலில் நிற்கிறோம் என்று அவருக்குத் தோன்றும்.

"இவன் கண்ணுல பட்டத மட்டும் செஞ்சவங்களோட ஆளு. அப்படித்தான எழுதியிருக்கீங்க?"

"ஆமாம்."

"புடிங்க," என்று அவள் பீடத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

எத்தனை வருஷமாகச் சுவரை ஒட்டி நின்றானோ, இருவரும் சேர்ந்து இழுத்தும் அசைய மறுத்தான். மூச்சு வாங்க வாங்க இழுத்தார்கள். பீடம் தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. பின்னாலிருந்து ஒட்டடையும் தூசியும் ஒரு பழைய ஹால்டிக்கெட்டும் வெளியே வந்தன.

சூசைராஜ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

முதுகு முழுசாக இருந்தது. முதுகெலும்பு போகிற பள்ளம், தோள்பட்டை எலும்பு, இடுப்புக்கு மேலே ஒரு சின்னக் குழி. ஒன்றையும் விடவில்லை. ஒரு மாசமாக முன்னால் உட்கார்ந்து வரைந்தவருக்கு இவனுக்கு ஒரு முதுகு இருக்கும் என்றே தோன்றியிருக்கவில்லை.

"எந்தப் பக்கம் வேலை செய்யுது சார்?"

"வலது பக்கம். பாரம் பூராவும் அதுலதான் இருக்கு."

"இடது பக்கம்?"

"தளந்து போய்க் கெடக்குது."

"வேலை செய்யாத பக்கம்தான? செதுக்காம விட்டிருக்கலாம்ல?"

"விட்டா ஆளு பாதிதான மேடம்," என்றார் சூசைராஜ்.

தில்ஷாத் கைத்தூசியைத் தட்டினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் ஒரு பெருமூச்சு விட்டு, டீ சொல்லப் போனாள்.

டீ வந்தது. இரண்டு பேரும் தரையிலேயே, சிலையின் பீடத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். வகுப்பின் மற்றவர்கள் வெளியே மரத்தடியில் இருந்தார்கள். மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

சூசைராஜுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. மூக்கு கற்றுக்கொள்ள வந்த மனுஷனை முதுகு பார்க்க வைத்துவிட்டாளே. இந்த வயசில் தனக்கு ஒன்றும் ஏறாது, பிலோமினா சாகிறவரைக்கும் சுவரையேதான் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாள் என்று நினைத்தார். நினைத்ததை வாய்விட்டே சொல்லிவிட்டார்.

தில்ஷாத் ஆறுதல் சொல்லவில்லை. பழைய வேலையைப் பற்றிக் கேட்டாள். ஆபீஸில் என்ன வரைவார், எப்படி வரைவார் என்று விசாரித்தாள்.

அதைக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அடித்தளம், மேல்தோற்றம், குறுக்குவெட்டு என்று விரல் விட்டுச் சொன்னார். தன் படத்தை வைத்துக் கட்டிய எந்தக் கட்டடத்திலும் ஒரு விரிசல் விழுந்ததில்லை என்று சொன்னார். கொஞ்சம் பெருமையடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சுவருக்குப் பின்னால ஒரு பீம் போகுதுன்னு வைங்க. முன்னாலேருந்து பாத்தா அது தெரியாது. அத விட்டுருவீங்களா?"

"விடவே கூடாது மேடம். புள்ளிக்கோடு போடணும்."

"அதான் தெரியாதே?"

"தெரியாட்டி என்ன, இருக்குல்ல?" அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஒரு தடவ விட்டுட்டாரு. மறைஞ்சுதான இருக்குன்னு. அத அப்படியே அனுப்பிட்டாங்க. கட்டுனவன் அந்த பீம கட்டவே இல்ல. கேட்டா, படத்துல காட்டலியேங்கிறான். அவன் சொல்றதும் நியாயந்தான. படத்துல இல்லாதது கட்டடத்துல இருக்காது மேடம்."

சொல்லிவிட்டு நிறுத்தினார்.

வாய் திறந்தபடி இருந்தது.

அவர் கட்டுரையின் ஆறாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. புத்தகத்தைப் பார்த்து எழுதிய வரி, எழுதும்போது மனசு அதில் இல்லை. இறந்தவர்கள் அந்தச் சுவர்ப் படத்தில்தான் மறுபடி வாழப்போகிறார்கள் என்று எகிப்தியர் நம்பினார்கள் என்பது அந்த வரி.

தில்ஷாத் தன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

வெற்றுத் தாளைத் தடவிய ஒரு விரல் அவர் கண்முன்னால் வந்தது. மூக்கின் பக்கமே போகாத விரல்.

"மேடம், மணி என்ன?"

"மூணே கால்."

அவர் எழுந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. சிலையின் தொடையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பையை எடுக்க மறந்து வாசல்வரை போய்விட்டார்.

"சார், பை?"

"அத அப்பறம் எடுத்துக்குறேன் மேடம்."

வீட்டில் பிலோமினாவின் தங்கை இருந்தாள். அவர் வகுப்புக்குப் போகிற நாளில் அவள்தான் வந்து பார்த்துக்கொள்வாள். அவளை அனுப்பிவிட்டு, சூசைராஜ் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

பிலோமினா நாற்காலியில் இருந்தாள். அவர் வரும் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் எப்போதும் உட்காரும் முக்காலி அவளுக்கு வலது பக்கத்தில் கிடந்தது. மூன்று வருஷமாக அங்கேதான் கிடக்கிறது. ஊட்டுவது, பேசுவது, பேப்பர் வாசித்துக் காட்டுவது எல்லாம் அங்கிருந்துதான். முக்காலியைத் தூக்கி, நாற்காலியைச் சுற்றிப் போய், அவளுக்கும் சுவருக்கும் நடுவே இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

அவள் திரும்பியிருந்த பக்கமே அதுதான். அவரை எதிர்பார்க்காமல் பார்த்துவிட்டாள்.

ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தது. கோணிய வாய், சரிந்த இமை, எல்லாம் தெரிந்தது. தினமும் துடைத்துவிடுகிற முகம்தான். அவர் அதை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மடியில் இருந்த துண்டை எடுத்தார்.

அவள் வலது கையால் துண்டைப் பிடித்து இழுத்தாள். அவர் விடவில்லை. "வரையணும்," என்றார். "இது இல்லாம என்ன படம்?"

அவள் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. துண்டு கீழே விழுந்தது.

முஷ்டி இறுக மூடியிருந்தது. விரல் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் எப்படி வரைவது? அவர் அந்தக் கையைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டார். சில்லென்று இருந்தது. உள்ளங்கையின் வெதுவெதுப்பு உள்ளே எங்கேயோ இருந்தது. கட்டைவிரலைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினார். அது நிமிர்ந்து, மறுபடி மடங்கப் பார்த்தது. அப்படியே பிடித்துக்கொண்டு அடுத்த விரலுக்குப் போனார்.

பிலோமினா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

அவள் பதில் சொல்லவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

மூன்றாவது விரல். நான்காவது விரல். மோதிர விரலில் கல்யாண மோதிரத்தின் தடம் இன்னும் வெளுப்பாக இருந்தது. அதற்குள் அவருக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. இடுப்பு விண்விண் என்றது. விரல் எல்லாம் திறந்துவிட்ட மாதிரித்தான் இருந்தது. இது போதும் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கையைத் தன் தொடையிலேயே விட்டுவிட்டுப் பென்சிலை எடுத்தார். முதல் கோட்டைப் போட்டார்.

பிலோமினா குனிந்து தன் கையைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் உதடு அசைய ஆரம்பித்தது. ஏழு மாசமாக மூடியிருந்த வாய், சொல் வருவதற்கு நேரமாயிற்று.

அவர் பென்சிலை நிறுத்திக் காத்திருந்தார்.

"சுண்டுவிரல்..." என்றாள் அவள். "இன்னும்... ஒண்ணு... இருக்குங்க."